ஆற்றுக்கு அந்தப் பக்கம்

என் அக்காள் கணவரின் அலுவலகச் சுவரில் ஓர் அட்டை மாட்டியிருந்தது. அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பிரிஞ்சாங் டவுனில் ஒரு சலவைக் கடைக்கு மேலே, மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். பளபளப்பான உறை போட்ட அந்த அட்டையில் ‘நான்கு பருவங்கள், நான்கு நடைகள்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே வசந்த நடை, கோடை நடை, இலையுதிர் கால நடை, பனிக்கால நடை. கேமரன் மலையில் இலையுதிர் காலம் என்று ஒன்று இருப்பதை அந்த அட்டையைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். இருபத்திரண்டு வருடம் இதே மலையில் கொழுந்து வெட்டியவள் நான். எனக்குத் தெரிந்து இங்கே மழை உண்டு, கொஞ்சம் குறைந்த மழை உண்டு.

“இங்க எங்க அத்தான் இலை உதிருது?” என்று ஒருமுறை கேட்டேன்.

“டூரிஸ்ட்டுக்கு அப்படிச் சொன்னாதான் புரியும்லா. நீ சும்மா இரு,” என்றார்.

அவர் கிராணியின் மகன். தோட்டத்து ஆபீசில் அப்பா கணக்கு எழுதிய காலத்தில், தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர். கூடையைத் தோளில் மாட்டியதில்லை, கால் வழுக்கித் தேயிலைச் செடிமேல் விழுந்ததில்லை, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்ததில்லை. நாற்பது வயதுக்கு மேல் அவருக்குத் திடீரென்று மலைமேல் காதல் வந்தது. அகலமான விளிம்பு வைத்த பச்சைத் தொப்பி ஒன்றும், மடக்கி நீட்டுகிற ஊன்றுகோல் ஒன்றும் வாங்கினார். பட்டணத்து ஆட்களைக் காலையில் கூட்டிப்போய்ச் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடும் ஒருநாள் நடைத் தொழிலைத் தொடங்கினார். கொழுந்து வெட்டும் இயந்திரத்தைப் பிடித்துப் பிடித்து என் தோள்பட்டை போயிருந்த சமயம் அது. அக்காள் சொல்லித்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

அவர் முன்னால் நடப்பார், நான் கடைசியில் நடப்பேன். பின்தங்கியவர்களைத் தேற்றுவது, சாப்பாட்டுப் பையைச் சுமப்பது, காலில் ஏறிய அட்டையைப் பிய்த்து எறிவது, பாதை பிரிகிற இடத்தில் அவர் தவறான பக்கம் திரும்பினால் இருமுவது, இவையெல்லாம் என் வேலை. ஒரு முறை இருமினால் இடது பக்கம், இரண்டு முறை இருமினால் வலது பக்கம். இப்படி இருமி இருமியே அவரை நான் ஆறு வருடம் வழிகாட்டியாக வைத்திருந்தேன். காட்டைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் மறுவாரமே தன் சொந்த அனுபவம் போலச் சொல்லுவார். குரங்குச் சட்டி என்று மலாய்க்காரர்கள் சொல்லும் அந்தக் குடுவைச் செடியில் மழைத்தண்ணீர் தேங்கி எறும்பு விழுவதைக் காட்டி, “சின்ன வயசுல இதுல தண்ணி குடிச்சிருக்கேன்” என்பார். அவர் சின்ன வயதில் குடித்ததெல்லாம் ஆபீஸ் பங்களாவில் காய்ச்சிய பால். வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அவர்கள்மேலும் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. ஒரு தொப்பியைப் பார்த்து நம்புகிறவர்களுக்குத் தொப்பிதான் கிடைக்கும்.

ஆனால் நடைகள் நல்லவை. அதை நான் மறுக்க மாட்டேன். சீனப் பெருநாளை ஒட்டி வருகிற பிப்ரவரி மாதத்தில் காற்று காய்ந்துவிடும். விடியற்காலையில் தோட்டத்து எடைக் கொட்டகையிலிருந்து கிளம்பினால், தேயிலை வரிசைகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேர ஏற்றம். காடு தொடங்குகிற இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் சீப்பால் வாரிவிட்டது போல மலை முழுக்க வரிசை வரிசையாகக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும். அதற்குள் போய்த் திரும்புகிற சின்ன நடைதான் சரி. அப்போது பாசி மூடிய மரங்களில் காட்டு ஆர்க்கிட் பூத்திருக்கும், தெரிந்தவர் காட்டினால்தான் கண்ணில் படும். ஜூன், ஜூலையில் தோட்டத்துக்குள்ளேயே காலாற நடக்கலாம், குழந்தைகளைக்கூடக் கூட்டிப் போகலாம். அக்டோபர் பிறந்துவிட்டால் மேட்டுப் பாதைகளை விட்டுவிட வேண்டும். மலை ஊறிப்போயிருக்கும், ஓடைகள் சொல்லிக்கொள்ளாமல் பெருகும். பாசிக்காடு பார்க்க அழகாக இருப்பதும் அந்த மாதங்களில்தான். அந்த அழகைத்தான் அத்தான் ‘இலையுதிர் கால நடை’ என்று விற்றார்.

அந்த நவம்பரில் ஐந்து பேர் வந்திருந்தார்கள். மூன்று பேர் கோலாலம்பூரில் ஒரே ஆபீசில் வேலை பார்க்கிற சீன இளைஞர்கள். மற்ற இருவர் தமிழ்த் தம்பதி. அந்த அம்மாள் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியை. அவர் கணவர் அதிகம் பேசாதவர், இனிப்பு நீர் நோய் உள்ளவர், அதற்கு ஊசி போட்டுக்கொள்கிறவர். கிளம்பும் முன்பே ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேணும்மா, பாத்துக்கோ” என்று சொல்லியிருந்தார்.

வழக்கமான பாதையில் போகவில்லை. மேட்டிலிருந்து மறுபக்கம் இறங்கிக் கோலா தெர்லா சாலைக்குப் போகிற புது வழி ஒன்றைத் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னார் அத்தான். இரண்டு வாரத்துக்கு முன் தனியாக வந்து பார்த்துவிட்டாராம். வேனை முதல் நாளே சாலையோரம் நிறுத்தி வைத்துவிட்டார். அந்தப் பக்கம் நான் இறங்கியதே இல்லை. பத்து மணிக்கு மேல் மேகம் தாழ்ந்து வந்தது.

“அத்தான், திரும்பிடலாம். மேல கறுத்துட்டு வருது.”

“கீழ ஒரு அருவி இருக்கு, அதக் காட்டாம எப்படிப் போறது? நீ பின்னால வா லா.”

இறங்கினோம். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடையை அடைந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்து, தேயிலைச் சாயம் போல ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் முதலில் இறங்கினார். இளைஞர்கள் மூவரும் கையைக் கோத்துக்கொண்டு அவர் பின்னால் கடந்தார்கள். ஆசிரியையைப் பிடித்துக்கொள்ள எனக்குக் கை வேண்டியிருந்தது, அதனால் சாப்பாட்டுப் பையை முன்பே இளைஞர்களிடம் கொடுத்தனுப்பியிருந்தேன். நான் செய்த முட்டாள்தனம் அது. நாங்கள் மூவரும் காலை வைக்கப் போகும்போது மேலே எங்கோ மரக்கட்டை உருளுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஒரே மூச்சில் இடுப்பளவுக்கு ஏறியது. ஆசிரியை பின்வாங்கியபோது கால் பிசகிக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

அத்தான் அந்தக் கரையிலிருந்து கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார். “அங்கயே இருங்க! நகராதீங்க! நான் போய் ஆள் கூட்டிட்டு வர்றேன்!”

பச்சைத் தொப்பி மரங்களுக்குள் மறைந்தது. கைப்பேசியில் லைன் கிடைக்கவில்லை. நகராதீர்கள் என்று சொன்னதால் நாங்கள் நகரவில்லை. ஒரு பாறைக்குக் கீழே ஒண்டிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் அந்தக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆசிரியையின் கணுக்கால் வீங்கியது. அவர் கணவருக்கு முதலில் கை நடுங்கியது. பிறகு அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்தது. பிறகு மனைவியை வேறு யாரோ என்று நினைத்து, “நீங்க எந்த ஊரும்மா?” என்று கேட்டார். ஆசிரியை அழவில்லை. கைப்பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினார். இருமல் மிட்டாய் இரண்டு கிடைத்தன. அதை அவர் வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, “இனி உக்காந்திருந்தா இவர் எனக்கு இல்லம்மா. எப்படியாவது மேல கூட்டிட்டுப் போ,” என்றார்.

வந்த வழியே ஏறினோம். ஆசிரியைக்கு ஒரு தடியை ஒடித்துக் கொடுத்தேன். அவர் கணவரின் கையை என் கழுத்தைச் சுற்றிப் போட்டு, போன தோள்பட்டையிலேயே அவரைச் சுமந்தேன். வழுக்கிய இடங்களில் அவரை உட்கார வைத்துப் பின்னால் இருந்து தள்ளினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. காடு முடிந்து தேயிலை தெரிந்தபோது, மழைக்கு ஒதுங்கி நின்ற இரண்டு நேப்பாளத் தொழிலாளிகள் எங்களைப் பார்த்து ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருவன் தன் ஃப்ளாஸ்க்கிலிருந்த டீயை மூடியில் ஊற்றி, அவர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். சர்க்கரையை அள்ளிப் போட்ட டீ. மூன்றாவது மூடியில் அவர் கண்ணைத் திறந்து மனைவியின் பெயரைச் சொன்னார். அப்போதுதான் அந்த அம்மாள் அழுதார்.

எடைக் கொட்டகையில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, வெளிச்சம் மங்குகிற நேரத்துக்கு அத்தானின் வேன் வந்தது. இளைஞர்களை டவுனில் இறக்கிவிட்டிருந்தார். முழங்கால்வரை சேறு. “ரோட்டுக்கு மூணு மணி நேரம் காடு லா! ஓடினேன், விழுந்தேன், ஓடினேன்!” என்று மூச்சு வாங்கினார். ஆசிரியையின் கணவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அதைத் தோட்டத்துப் பையன் ஒருவன் கைப்பேசியில் பிடித்தான். ஒரு வாரத்தில் அந்தப் படம் மலை முழுக்கச் சுற்றியது. உயிரைப் பணயம் வைத்து ஐந்து பேரைக் காப்பாற்றிய வழிகாட்டி என்றார்கள். உள்ளூர்ச் சங்கம் ஒன்று மண்டபத்தில் மேடை போட்டு அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. அவர் மைக்கைப் பிடித்து மலையும் தானும் வேறல்ல என்றார். முதல் வரிசையில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன். நடிக்கவில்லை. மூன்று மணி நேரம் காட்டில் ஓடியிருக்கிறார், ஆள் கிடைக்கவில்லை, பாவம் என்று நம்பினேன். அவர் செய்த எத்தனையோ அற்பத்தனங்களை அந்த ஒரு நாளுக்காக மன்னித்திருந்தேன். என் கைகளை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பிப்ரவரியில் ஆசிரியை போன் செய்தார். “பாதில விட்ட நடைய முடிக்கணும்மா. இவரும் வர்றேங்கறார்.” அத்தானிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. அந்த வழி மூடியாகிவிட்டது, மண் சரிந்துவிட்டது, யாரும் போகக் கூடாது என்றார். வேண்டுமென்றால் அவர்களைக் கியா பார்முக்குக் கூட்டிப்போய் ஸ்ட்ராபெர்ரி காட்டு என்றார். அவர் ஈப்போவுக்குப் போன ஒரு நாளில் நாங்கள் மூவரும் கிளம்பினோம்.

அன்று வானத்தில் ஒரு மேகம் இல்லை. நவம்பரில் உட்கார வைத்துத் தள்ளிய சரிவுகளில் ஆசிரியை கைவீசி நடந்தார். இந்த முறை அவர் கணவரின் சட்டைப் பை இரண்டிலும் பிஸ்கட் இருந்தது. மண் சரிவு எங்கேயும் இல்லை. ஓடையில் தண்ணீர் கணுக்காலைக்கூட மூடவில்லை. நாங்கள் ஒண்டியிருந்த பாறையைப் பார்த்துக்கொண்டே மூவரும் கடந்தோம். இனி மூன்று மணி நேரம் காடு என்று நான் அவர்களைத் தயார்படுத்தியிருந்தேன்.

ஒரு கோப்பை டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. ஒரு வளைவு திரும்பினோம். எதிரே முட்டைக்கோஸ் பாத்திகள். பிளாஸ்டிக் கூரை போட்ட பந்தல்கள். காய் ஏற்றிக்கொண்டு நிற்கிற லோரி. கொட்டகை வாசலில் ஒரு பெரியவர் கேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். தமிழர், அந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர்.

“வாங்க, வாங்க. அந்தப் பக்கத்துல இருந்து ஆள் வந்து ரொம்ப நாளாச்சு. மழைல ஒருதடவ வந்தாங்க, அதோட சரி.”

“யாருண்ணே வந்தது?” என்றேன்.

“நாலு பேரு. மூணு சீனப் பிள்ளைங்க, பச்சத் தொப்பி போட்ட தமிழரு ஒருத்தரு. மழ ஊத்து ஊத்துன்னு ஊத்துது. பின்னால ஆள் இருக்கான்னு கேட்டேன். கயிறு இருக்கு, என் ஆளுங்க ரெண்டு பேரு இருக்காங்க, போய்ப் பாக்கட்டுமான்னேன். இல்லண்ணே, எல்லாரும் வந்தாச்சுன்னாரு. ஆளுக்கு ரெண்டு டீ குடிச்சாங்க. பையில நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் வச்சிருந்தாங்க, அதையும் பிரிச்சுச் சாப்பிட்டாங்க. மழ விட்டதும் என் லோரிலதான் ரோட்டுக்கு எறக்கி விட்டேன்.”

ஆசிரியையின் கணவர் கோப்பையைக் கையில் வைத்தபடியே, “எல்லாரும் வந்தாச்சுன்னாரா?” என்று கேட்டார்.

“ஆமாங்க. அப்புறம் யாரோ காட்டுல மாட்டிக்கிட்டாங்கன்னு டவுன்ல பேசிக்கிட்டாங்க. அது வேற கூட்டம்னு நெனச்சேன். ஏன், தெரிஞ்சவங்களா?”

ஆசிரியை குனிந்து காலணியைக் கழற்றி, அதில் இருந்த மணலை ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு அந்த இளைஞர்களில் ஒருவனுக்குப் போன் செய்தார். எஸ்டேட்டுக்குப் போன் பண்ணிவிட்டேன், ஆள் கிளம்பியாயிற்று என்று அத்தான் அவர்களிடம் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். பெரியவரிடம் அவர் தமிழில் பேசியது அவர்களுக்குப் புரிந்திருக்கவில்லை.

மறுநாள் அத்தான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். மறுப்பார், சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். குழாயைக்கூட மூடவில்லை.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே. அப்புறம் என்ன?”

“அந்த சார் செத்திருப்பாரு அத்தான்.”

“அந்த வழில ஆளக் கூட்டிட்டுப் போக எனக்குப் பெர்மிட் இல்ல. வெளி ஆள உள்ள விட்டா விஷயம் வெளில போயிடும். பேரு என்னத்துக்கு ஆகும்? நீதான் இருக்கியே, எப்படியும் நீ அவங்கள மேல ஏத்திக் கொண்டாந்துடுவேன்னு எனக்குத் தெரியும்லா.”

இவ்வளவுதான் காரணம். பயந்து ஓடியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். வெள்ளத்தைப் பார்த்துப் பயப்படாதவர் யார்? அவர் பயந்தது ஒரு காகிதத்துக்கு. அதற்காக மூன்று பேரை மழையில் விட்டுவிட்டு, அவர்களுடைய சாப்பாட்டையும் தின்றுவிட்டு, சாயங்காலம் வந்து கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார். கடைசியில் என்னைப் புகழ்ந்து முடித்த விதத்தைத்தான் என்னால் இன்னும் சீரணிக்க முடியவில்லை. அன்றோடு அவருடைய வேலையை விட்டேன்.

அக்காளிடம் சொல்லவில்லை. ஊரிடமும் சொல்லவில்லை. உரிய அனுமதியெல்லாம் வாங்கிக்கொண்டு, நானே நடைகளை நடத்தத் தொடங்கினேன். காய்ந்த மாதங்களில் அந்த வழியாகவே ஆட்களைக் கூட்டிப் போகிறேன், பெரியவரின் கொட்டகையில் எல்லோரும் டீ குடிப்போம். மழைக்காலத்தில் இந்த ஓடை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். பெரியவர் பேசப் பிரியப்படுகிறவர். பச்சைத் தொப்பிக்காரர் கதையை அவரே சொல்லிவிடுவார். நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருப்பேன். ஒரு வருடத்துக்குள் பிரிஞ்சாங்கில் அந்தத் தொப்பி யாருடையது என்று தெரியாதவர் இல்லை. அத்தானுக்கு முட்டி வலி வந்துவிட்டது. இப்போது வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எந்தப் பருவத்தில் எந்த மலை ஏறலாம் என்று போனில் ஆலோசனை சொல்கிறார். கேட்பதற்கும் சில பேர் இருக்கத்தான் இருக்கிறார்கள்.

போன பிப்ரவரியில் ஒருநாள் விடியற்காலையில், எடைக் கொட்டகைக்கு அக்காள் வந்து நின்றாள். சேலைக்கு மேலே ஸ்வெட்டர், காலில் ரப்பர் செருப்பு. கணவர் நடத்திய நடை ஒன்றுக்குக்கூட அவள் வந்ததில்லை.

“என்னையும் கூட்டிட்டுப் போ,” என்றாள்.

“இந்தச் செருப்போடயா?”

“நீயும் நானும் வெறகுக்குப் போனப்ப ஷூவா போட்டுருந்தோம்?”

அன்று வேறு ஆட்கள் யாரும் வரவில்லை. மேட்டில் ஒருமுறை நின்று, அம்மா கொழுந்து வெட்டிய சரிவு எது என்று கேட்டாள், காட்டினேன். ஓடையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தாள். கொட்டகையில் பெரியவர் டீ கொடுத்தார். “மழைல இந்த ஓடை எப்படி இருக்கும்ணே?” என்று அவளே கேட்டாள். அவள் யார் என்று பெரியவருக்குத் தெரியாது. தடுக்கலாம் என்று நான் எழுந்தேன். அக்காள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவர் எதையும் விடாமல், பச்சைத் தொப்பியையும் இரண்டு டீயையும் நாசி லெமாக்கையும் சேர்த்துச் சொல்லி முடித்தார்.

“அவரு எங்க உக்காந்திருந்தாரு?” என்று கேட்டாள்.

பெரியவர் கொட்டகை ஓரத்தில் கிடந்த பலகையைக் காட்டினார். அக்காள் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், அதில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். காய் ஏற்ற வந்திருந்த லோரிக்காரன் இன்ஜினை நிறுத்தினான்.

“தண்ணியே இல்லாத மாசத்துலயே இங்க ஓடைச் சத்தம் கேக்குதேடி,” என்றாள் அக்காள்.